வெள்ளியைத் தேடிப் புதுவை வந்த லெ ஜாந்தி

புதுவையின் வரலாற்றைப் பேசுங்கால் ஆளுநர்களையும் போர்களையும் நினைவுகூரும் நாம், வானியல் அறிஞர் லெ ஜாந்தியை மறந்துவிடுகிறோம். 1725இல் பிரான்சு நாட்டில் பிறந்த அப்பெரியாரின் வாழ்வு, நிகழ்தகவு பயில்வோர்க்கு உயிருள்ள பாடமாகும்.

வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் காட்சி, சூரியனின் தொலைவை அளக்க உதவும். எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தபின், மீண்டும் அதனைக் காண நூறாண்டுகளுக்கு மேலாகும். 1761ஆம் ஆண்டுக் காட்சியைப் புதுவையில் காண விழைந்து, 1760 மார்ச்சில் அவர் கப்பலேறினார். 1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றினர். கப்பல் திரும்பிற்று. சூன் 6ஆம் நாள் நடுக்கடலில், ஆடும் தளத்தில் நின்று கண்ட காட்சி அளவீட்டுக்குப் பயன்படவில்லை.

அடுத்த காட்சிக்காக எட்டாண்டுகள் கீழ்த்திசையிலேயே தங்கினார். மணிலாவைத் தேர்ந்தார், எனினும் 1768இல் புதுவைக்கே வந்து, கோட்டை இடிபாடுகளின்மேல் ஆய்வகம் அமைத்தார். தமிழர் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்று வியந்தார். 1769 சூன் 4ஆம் நாள் காலை மேகம் சூரியனை மறைத்தது. காட்சி முடிந்தபின் வெயில் காய்ந்தது. மணிலாவிலோ வானம் தெளிந்திருந்தது!

இங்குக் கணக்கைக் காண்போம். பத்துக் காலைகளில் ஒன்பது தெளிவானவை எனக் கொள்வோம். தெளிவும் மறைவும் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். அவற்றின் நிகழ்தகவுகளைக் கூட்டினால் ஒன்று. தொலைவிலுள்ள ஈரிடங்களில், ஒன்றின் வானிலை மற்றதைச் சாராதாயின், இரண்டும் தெளிய 81/100; முதலிடம் மட்டும் தெளிய 9/100; இரண்டாமிடம் மட்டும் தெளிய 9/100. இம்மூன்றும் ஒன்றையொன்று விலக்குவன, ஆகவே கூட்டலாம். ஓரிடத்திலேனும் காண வாய்ப்பு 99/100. புதுவைக்கும் சேதராப்பட்டுக்கும் இப்பெருக்கல் பொருந்தாது. ஒரே மேகம் இரண்டையும் மூடிவிடுமன்றோ!

தனி ஒருவர்க்கோ புதுவையில் நிற்பதும் மணிலாவில் நிற்பதும் ஒருங்கே கூடா. அதனாலன்றோ பல நாட்டறிஞர் பல திசைகளுக்கும் சென்றனர்! அவர்தம் அளவைகளால் சூரியனின் தொலைவு நன்கு அறியப்பட்டது. ஒருவர் இழந்ததைப் பலர் சேர்ந்து பெற்றனர்.

1771இல் தாயகம் திரும்பிய லெ ஜாந்தி, தாம் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருப்பதைக் கண்டார். அறிவியற் கழகத்தில் அவரது இடமும் பிறர்க்குப் போயிருந்தது. மனந்தளராது மணம்புரிந்து, தம் பயண வரலாற்றை எழுதி வெளியிட்டு, 1792 வரை வாழ்ந்தார். வாய்ப்பு மிகுதி என்பது உறுதியன்று. வாய்ப்புத் தவறியமை முயற்சிக்கு இழுக்குமன்று. இவ்விரண்டையும் அப்பெரியாரிடம் நாம் கற்போமாக.