சால்கோங்கிறது ஜம்ப் மட்டுமில்ல... ஒரு மனுஷனோட பேர்! - பனியில் சறுக்கிப் பறந்த உல்ரிக் சால்கோவின் கதை

விண்டர் ஒலிம்பிக்ஸ் சீசன் வந்துட்டா நம்ம ரீல்ஸ் முழுக்க பனிதான். மினுமினுக்குற டிரெஸ், பின்னணியில ஒரு பியானோ, பம்பரம் மாதிரி காத்துல சுத்துற ஒரு உருவம். வர்ணனையாளர் ‘குவாட் சால்கோ’ன்னு கத்துவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். நாமளும் ஒரு ஹார்ட்டை தட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவோம்.

அந்த ‘சால்கோ’ ஏதோ டெக்னிக்கல் வார்த்தைன்னுதான் பலரும் நினைச்சிருப்போம். ஆனா, அது ஒரு மனிதரின் பெயர். முழுப்பெயர் கார்ல் எமில் ஜூலியஸ் உல்ரிக் சால்கோ. ஸ்வீடன்காரர். 10 முறை உலக சாம்பியன். ஆண்கள் ஒற்றையர் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

ஆனாலும், அவரை உலகம் ஞாபகம் வைத்திருப்பது அந்த 10 மெடல்களால் இல்லை. ஒரே ஒரு ஜம்ப்பால்!

மூன்று முறை இரண்டாமிடம்

சால்கோ பிறந்தது 1877 ஆகஸ்ட் 7-ம் தேதி, டென்மார்க்கின் கோபன்ஹேகனில். ஆனால், ஆடியதெல்லாம் ஸ்வீடனுக்காக. அவருடைய ஊர் என்று விளையாட்டு உலகம் சொல்வது ஸ்டாக்ஹோமைத்தான்.

1897-ல் ஸ்டாக்ஹோமிலேயே உலக சாம்பியன்ஷிப் நடந்தது. சால்கோவுக்கு அப்போது 19 வயது. சொந்த ஊர், சொந்த ஜனம். ஆனால், தங்கம் ஆஸ்திரியாவின் குஸ்டாவ் ஹியூகலுக்குப் போனது. சால்கோவுக்கு இரண்டாமிடம். சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு 1899-ல் வந்தார். திரும்பவும் ஹியூகல்தான் முதல், இவர் இரண்டு. 1900-லும் அதே கதை. ஒரே ஆளிடம் மூன்று முறை தோற்று, மூன்று முறையும் மேடையில் பக்கத்தில் நிற்பது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இத்தனைக்கும் 1898, 1899, 1900 என மூன்று வருஷமும் ஐரோப்பிய சாம்பியன் அவர்தான். உலகப் பட்டம் மட்டும் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத கதையாகவே இருந்தது.

1901-ல் பூட்டு திறந்தது. அந்த வருஷம் உலக சாம்பியன் ஆனவர், 1905 வரை தொடர்ந்து ஐந்து முறை பட்டத்தை விடவே இல்லை. 1906-ல் போட்டி ஜெர்மனியின் மியூனிக்கில் நடந்தது. உள்ளூர்க்காரரான கில்பர்ட் ஃபுக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரும் என்ற சந்தேகத்தில் சால்கோ கலந்துகொள்ளவே இல்லை. பட்டமும் ஃபுக்ஸுக்குத்தான் போனது. 1907-ல் திரும்பி வந்து, 1911 வரை இன்னொரு ஐந்து முறை ஜெயித்தார். ஆக மொத்தம் 10!

அப்போ ஸ்கேட்டிங்னா கோலம் போடுற மாதிரி

இன்னைக்கு நாம பார்க்கிற ஃபிகர் ஸ்கேட்டிங் வேற, சால்கோ ஆடின ஃபிகர் ஸ்கேட்டிங் வேற. அந்தப் பெயரில் இருக்கும் ‘ஃபிகர்’ என்பதே பனித்தரையில் பிளேடால் வரைகிற உருவங்களைத்தான் குறிக்கும். வட்டம், எட்டு, அதற்குள் இன்னொரு திருப்பம். ஒருமுறை வரைந்த கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். நம்ம வீட்டு வாசல்ல அம்மா கை பிசகாம இழைக்கோலம் போடுறாங்களே, அதை ஒரே காலில் நின்றுகொண்டு போடுவது மாதிரி! மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்தக் கட்டாய உருவங்களுக்குத்தான். இசையோடு ஆடும் ஃப்ரீ ஸ்கேட்டிங் அதற்குப் பிறகுதான்.

காற்றில் எம்பிக் குதிப்பது அப்போது அரிதான சங்கதி. நார்வேயின் ஆக்ஸல் பால்சன் 1882-ல் வியன்னாவில் ஒரு ஜம்ப் செய்து காட்டினார். இன்றைக்கும் அதற்கு ‘ஆக்ஸல்’ என்றுதான் பெயர். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு கழித்து, 1909-ல் சால்கோ தன்னுடைய ஜம்ப்போடு போட்டிக்கு வந்தார்.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. 1909-ல் அவருக்கு 31 வயது. ஏற்கெனவே ஏழு முறை உலக சாம்பியன், ஒலிம்பிக் தங்கமும் கையில் இருக்கிறது. புதுசா எதையும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெரிந்த வட்டங்களையே அழகாக வரைந்து ஜெயித்துக்கொண்டு இருந்திருக்கலாம். விழுந்தால் இத்தனை வருஷம் சேர்த்த மரியாதையும் சேர்ந்து விழும். அப்படியும் குதித்தார்.

அந்த ஜம்ப்ல அப்படி என்னதான் இருக்கு?

ஸ்கேட்டிங் ஷூவின் பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் மெல்லிய பள்ளம், இரண்டு பக்கமும் விளிம்பு. உள்பக்க விளிம்பு, வெளிப்பக்க விளிம்பு. எந்த விளிம்பில் கிளம்புகிறோம், எதில் இறங்குகிறோம் என்பதுதான் ஒவ்வொரு ஜம்ப்பின் ஜாதகமும்.

சால்கோ ஜம்ப்பில், பெரும்பாலான ஸ்கேட்டர்கள் இடது காலில் முன்னோக்கி வந்து, சட்டென்று ஒரு திருப்பம் போட்டுப் பின்னோக்கிப் போவார்கள். பனியில் அந்தத் தடம் 3 என்ற எண் மாதிரி விழும். இப்போது உடல் எடை முழுவதும் இடது காலின் உள்விளிம்பில். அடுத்து, பின்னால் இருக்கும் வலது கால் ஒரு பெரிய வளைவாக முன்னால் வீசப்படும். அந்த வீச்சுதான் உடம்பை மேலே தூக்குகிறது. வேறு சில ஜம்ப்களில் பிளேடின் முன்முனைப் பற்களைப் பனியில் குத்தி எம்புவார்கள். இதில் அந்த உதவி கிடையாது. விளிம்பும் வீச்சும்தான் எல்லாம்.

காற்றில் சுற்றி முடித்து இறங்குவது எதிர்க்காலில், அதாவது வலது காலின் வெளிவிளிம்பில். அதுவும் பின்னோக்கி!

இங்கேதான் இருக்கு சூட்சுமமே. சுற்றிக்கொண்டே கீழே வரும் உடம்பு உடனே நின்றுவிடாது. அந்தச் சுழற்சியை எங்கேயாவது வெளியேற்றியாக வேண்டும். முழங்காலை நன்றாக மடக்கி அதிர்ச்சியை வாங்க வேண்டும். கைகளை விரிக்க வேண்டும். இன்னொரு காலைப் பின்னால் நீட்ட வேண்டும். அப்போது சுழற்சியின் வேகம் குறைந்து, பின்னோக்கிப் போகும் ஒரு நீண்ட வளைவாக மாறிவிடும். இதில் ஒன்று தப்பினாலும் இரண்டு கால்களும் தரையில் படும், அல்லது கை ஊன்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் நேரடியாக உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இறங்கும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தத்தை அந்த ஒற்றைக் கால் தாங்குகிறது.

புதுசா கத்துக்கிறவங்க செய்கிற பெரிய தப்பு, அவசரம். வலது காலை சீக்கிரமே வீசிவிடுவார்கள். விளிம்பு சரியாகப் பிடிக்கும் முன்பே உடம்பு திரும்பிவிடும், ஜம்ப் உயரமே போகாது. இன்னொரு தப்பு, பயத்தில் கீழே குனிந்து பனியைப் பார்ப்பது. தலை போகிற பக்கம்தான் உடம்பும் போகும். அதனால்தான் குதிக்கும் முன் அந்த உள்விளிம்பில் கொஞ்சம் பொறுமையாக நிற்கப் பழக்குவார்கள். வருஷக்கணக்கில் வட்டங்களை வரைந்த சால்கோவுக்கு, விளிம்பில் நிற்பது மூச்சு விடுற மாதிரி. அந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டியதுதான் அவருடைய ஜம்ப்.

லண்டனில் ஒரு கசப்பு

சால்கோவின் கதையில் எல்லாமே இனிப்பு இல்லை. 1908-ல் ஃபிகர் ஸ்கேட்டிங் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. விண்டர் ஒலிம்பிக்ஸ் என்ற ஒன்றே அப்போது இல்லை. லண்டனில் நடந்த கோடைக்கால ஒலிம்பிக்கின் ஒரு பகுதியாகத்தான் நடந்தது.

அதே வருஷத்தின் தொடக்கத்தில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த ஒரு போட்டியில் நிகோலாய் பானின் என்பவர் சால்கோவைத் தோற்கடித்திருந்தார். அதனால் லண்டனில் இருவரும் மோதுவதைப் பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள். ஆனால், கட்டாய உருவங்கள் முடிந்ததும் பானின் விலகிக்கொண்டார். நடுவர்களின் தீர்ப்பு சால்கோ பக்கம் சாய்கிறது என்பது அவருடைய எதிர்ப்பு. தங்கம் சால்கோவுக்கு. வெள்ளியும் வெண்கலமும்கூட ஸ்வீடன்காரர்களுக்கே. பானின் தனியாக நடந்த சிறப்பு உருவங்கள் பிரிவில் தங்கம் வென்று ரஷ்யாவின் முதல் ஒலிம்பிக் சாம்பியன் ஆனார்.

மியூனிக்கில் நடுவர்களை நம்பாமல் ஒதுங்கிய அதே சால்கோ, இரண்டே வருஷத்தில், இன்னொருவர் நடுவர்களை நம்பாமல் ஒதுங்கியதால் எதிர்ப்பு குறைந்த களத்தில் ஜெயித்தார். அந்தத் தங்கத்தின் மேல் இந்தக் கேள்வி இன்றும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த வருஷமே அவர் ஜம்ப்போடு வந்து நின்றதை இதோடு சேர்த்துப் பார்த்தால், சுவாரஸ்யமாக இருக்கும். விளிம்பின் கோட்டில் இழுபறி இருக்கலாம். காற்றில் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கியதை, கூட்டத்தில் இருக்கும் சின்னக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

பெண்களும் அந்த ஜம்ப்பும்

1902 உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு ஆச்சர்யம். பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதியில் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்து, இங்கிலாந்தின் மேட்ஜ் சையர்ஸ் பெயர் கொடுத்தார். ஆண்களோடு மோதி, சால்கோவுக்கு அடுத்து இரண்டாமிடம் பிடித்தார். சால்கோ தன் தங்கப் பதக்கத்தையே அவருக்குக் கொடுத்ததாக ஒரு கதையும் சொல்லப்படுகிறது. ஆனால், சர்வதேசக் கூட்டமைப்பு என்ன செய்தது தெரியுமா? அடுத்த வருஷமே பெண்களுக்குத் தடை போட்டது! பிறகு 1906-ல் பெண்களுக்கெனத் தனிப்போட்டி வந்தபோது, முதல் பட்டத்தை வென்றவர் அதே மேட்ஜ்தான்.

1920, ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக். அமெரிக்காவின் தெரஸா வெல்ட், தன் ஆட்டத்தில் சால்கோ ஜம்ப்பைச் செய்தார். நடுவர்கள் பாராட்டவில்லை, எச்சரித்தார்கள். குதிக்கும்போது பாவாடை முழங்கால் வரை பறக்கிறதாம், பெண்களுக்கு இது அழகில்லையாம்! தெரஸா வெண்கலத்தோடு ஊர் திரும்பினார். அதே ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் 42 வயது சால்கோவும் ஆடினார். நான்காமிடம். பதக்கம் இல்லை. அவர் ஜம்ப்புக்குப் புது வாரிசுகள் வரத் தொடங்கிய களத்தில்தான் அவரும் ஆடி முடித்தார்.

நாற்காலியில் அமர்ந்த சாம்பியன்

ஆடுவதை நிறுத்தினாலும் பனியை விட்டு அவர் போகவில்லை. 1925 முதல் 1937 வரை சர்வதேச ஸ்கேட்டிங் யூனியனின் தலைவராக இருந்தார். அவர் தலைமையில் இருந்த 1936-ம் ஆண்டில்தான், இங்கிலாந்தின் சிசிலியா காலெட்ஜ் போட்டியில் இரட்டைச் சுற்று ஜம்ப் செய்த முதல் பெண் ஆனார். அது என்ன ஜம்ப் தெரியுமா? டபுள் சால்கோ! பாவாடை பறக்குதுன்னு எச்சரிக்கை வந்து 16 வருஷம்தான் ஆகியிருந்தது.

1949 ஏப்ரல் 19-ம் தேதி, ஸ்டாக்ஹோமில் சால்கோ காலமானார். அவருக்கு 71 வயது.

ஜம்ப் மட்டும் நிற்கவே இல்லை. 1955-ல் அமெரிக்காவின் ரானி ராபர்ட்சன் அதை மூன்று சுற்றாக்கினார். 1962-ல் கனடாவின் பெட்ரா பர்கா, மூன்று சுற்று சால்கோவைப் போட்டியில் செய்த முதல் பெண் ஆனார். 1998-ல் 17 வயது டிமோத்தி கெய்பல் நான்கு சுற்று சால்கோவைப் போட்டியில் முதன்முதலாக லேண்ட் செய்தார். 2002-ல் ஜப்பானின் மிகி ஆண்டோ, நான்கு சுற்று ஜம்ப்பைப் போட்டியில் லேண்ட் செய்த முதல் பெண் ஆனார். அதுவும் சால்கோதான். அப்போது அவருக்கு வயது 14!

இன்றைக்கு ஸ்கேட்டிங் கற்கும் குழந்தைகள், அரைச்சுற்று வால்ட்ஸ் ஜம்ப்புக்குப் பிறகு பழகுகிற முதல் முழுச்சுற்று ஜம்ப்களில் ஒன்று சால்கோ. உலக சாம்பியன் 31 வயதில் போட்டிக்குக் கொண்டுவந்ததை, பால் பல் விழாத பிள்ளைகள் செய்கிறார்கள். விழுகிறார்கள், எழுந்து பனியைத் தட்டிவிட்டு, மறுபடி அந்த 3-ஐ வரைந்து குதிக்கிறார்கள்.

அடுத்த தடவை ரீல்ஸில் அந்தப் பேர் காதில் விழுந்தா, ரெண்டு செகண்ட் ஸ்க்ரோல் பண்ணாம பாருங்க. சுத்துறதை எல்லாரும் பார்ப்பாங்க. நீங்க அந்த வலது கால் பனியைத் தொடுற நொடியைப் பாருங்க. முழங்கால் மடங்கி, கைகள் விரிந்து, பின்னோக்கி ஒரு நீண்ட வளைவு விழுந்தால், அது சுத்தமான சால்கோ!