சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

தாம்பரத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் செங்கல்பட்டு வந்துவிடும். அங்குள்ள தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க 1947-ஆம் ஆண்டு பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் வந்தார். நம் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் அவருக்கே வலித்தது. பயனற்றது என்று எல்லோரும் ஒதுக்கிய கையில் இவ்வளவு வலிமையா என்று வியந்தார். நான் எழுத எடுத்துக்கொண்டது அவருடைய கதை அன்று; அவருடைய மாணவி டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் கதை. ஆனால் ஆசிரியரை விட்டுவிட்டு அந்த மாணவியைப் பற்றி எழுத முடியாது.

மேரி அம்மையார் 1925-இல் கேரளத்தில், கொச்சிப் பகுதியில் பிறந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். மகளிர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறவே விரும்பினார். ஆனால் 1954-இல் அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம்; முதுகுத்தண்டு முறிந்து இரு கால்களும் உணர்விழந்தன. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

இனி எழுந்து நிற்க முடியாதவர் எப்படி மருத்துவர் ஆவது? ஆறுதல் சொல்லப் பலர் இருந்தனர். பிராண்டோ அவருக்கு ஒரு வேலையைக் காட்டினார். கை அறுவையை மருத்துவர்கள் உட்கார்ந்துகொண்டுதான் செய்கிறார்கள்; அதற்குக் கால்கள் எதற்கு? சக்கர நாற்காலியில் அமர்ந்தே மேரி அம்மையார் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கக் கற்றார். நோயாளிகளுக்குக் கையிலும் காலிலும் உணர்வில்லை, மருத்துவருக்கோ கால்களில் உணர்வில்லை. அறியாமலே புண் வந்துவிடுமோ என்று இரு தரப்பாரும் நாள்தோறும் தம் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவரிடம் அவர்களுக்கு நெருக்கம் ஏற்பட்டதில் வியப்பென்ன!

தோழியரே, இந்தச் சிகிச்சை கத்தியோடு முடிவதில்லை. மோதிர விரலை மடக்கும் தசைநாண் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கு மாற்றித் தைப்பார்கள். மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் பிசியோதெரபி தொடங்கும். மோதிர விரலை மடக்க நினைத்தால் கட்டைவிரல் அசையும்! அந்தப் புதிய பழக்கத்தை மூளைக்குப் பொறுமையாகக் கற்பிப்பவர் பிசியோதெரபிஸ்ட். அவர் இல்லையேல் அறுவை மருத்துவரின் உழைப்பு வீண். (டாக்டரின் பெயரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், இவரை யாரும் கேட்பதில்லை.)

அந்தப் பயிற்சியின் அருமையை மேரி அம்மையார் தம் உடம்பிலேயே உணர்ந்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர மருத்துவமனையில், பிறர் துணையின்றித் தம் வேலைகளைத் தாமே செய்யப் பழகினார். தமக்குக் கிடைத்தது நம் நாட்டு நோயாளிகளுக்கும் கிடைக்க வேண்டாமா என்ற எண்ணம் அவரை நியூயார்க் வரை அழைத்துச் சென்றது. அங்கே மறுவாழ்வு மருத்துவத்தில் புகழ்பெற்ற ஹோவர்டு ரஸ்கின் நிலையத்தில் பயின்றார். கால்கள் செயலிழந்த ஒருவர் கடல் கடந்து படிப்பதென்றால் எத்தனை படிகள், எத்தனை கதவுகள்!

1963-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-இல் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே எழுந்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், தொழில்வழிச் சிகிச்சையாளர், செயற்கைக் கால் செய்பவர் என்று அங்கே பலரும் ஒரே நோயாளிக்காகக் கூடி உழைத்தனர். பிராண்ட் தமக்குச் செய்ததையே அம்மையார் இளையவர்களுக்குச் செய்தார். அருகிருந்து வேலையைக் கற்பித்தார். முதுகுத்தண்டு முறிந்து வந்தவர்களிடமோ அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. டாக்டரின் நாற்காலியே அவர்கள் கண்முன் இருந்தது.

அதே 1966-இல் பிராண்ட் அமெரிக்காவுக்குப் பணியாற்றச் சென்றார். மேரி அம்மையார் வேலூரிலேயே பணியைத் தொடர்ந்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986-இல் அவர் மறைந்தார். அவருடைய ஆசிரியர் அதன் பின்னும் 16 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தார்.