விலையில் சேராத செலவு

பழைய கார்களைப் பேணும் நண்பர்கள் சிலர் கேளம்பாக்கத்தில் எனக்கு உண்டு. அவர்களுடைய காரின் ஏசிக்கு வாயு நிரப்பும் பேச்சு எழும்போதெல்லாம் தாமஸ் மிட்ஜ்லியின் வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது.

1889இல் அமெரிக்காவில் பிறந்த மிட்ஜ்லி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளராக, 1921இல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து என்ஜினின் தட்டொலியை அடக்கினார். அந்த ஈயம் அவர் உடலையே நலிவித்தது. அக்காலக் குளிர்பதனப் பெட்டிகளின் வாயுக்கள் நச்சுத்தன்மையோ தீப்பற்றும் இயல்போ உடையவை. மாற்றாகத் தம் குழுவினருடன் ஆக்கிய ஃப்ரியானை 1930இல் அறிஞர் அவையில் உள்ளிழுத்து, வெளிவிட்ட மூச்சால் மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். 1940இல் இளம்பிள்ளைவாதம் அவரை முடக்கியது. படுக்கையிலிருந்து எழுவதற்குத் தாமே அமைத்த கயிறுகள் கழுத்தை இறுக்க, 1944இல் மாண்டார்.

ஃப்ரியான் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தது 1974இல்தான். மான்ட்ரியல் உடன்படிக்கை 1987இல் பிறந்தது. அக்கேட்டை மிட்ஜ்லி அறிந்திருக்க வழியில்லை. நமக்கோ அந்தச் சாக்கு இல்லை.

பயன் ஒருவருக்கு, செலவு பிறருக்கு என்பதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். பழைய காரில் எஞ்சிய ஆர்-12 வாயுவைப் பட்டறையில் திறந்துவிடுவது அதுவே. அதைக் கருவியால் உருளையில் மீட்டு, கசிவை அடைத்து, குழாய்களைக் கழுவி நைட்ரஜனால் உலர்த்தி, எண்ணெயை மாற்றி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியெடுத்த பின்னரே ஆர்-134ஏ நிரப்ப வேண்டும். இதற்கான கூலியை மிச்சப்படுத்துவது, பேரப்பிள்ளைகள் பெயரில் கடன் எழுதுவதாகும்.