முக்காட்டுக்குள் தன்னைக் கண்டவர்

திரும்பப் பெற முடியாத செலவு, இனி எடுக்கும் முடிவைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது பொருளியலின் பாலபாடம். அதனைக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் கற்பித்தபோது ஆலைகளையும் அணைகளையும் எடுத்துக்காட்டினேன். இன்று கற்பிப்பதாயின் ஓவியர் பிலிப் கஸ்டனின் வாழ்வைக் கூறுவேன்.

ஒடெசாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில், கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1913-இல் பிறந்தவர் கஸ்டன். லாஸ் ஏஞ்சலீஸில் வளர்ந்த அவர், சிறு வயதிலேயே தந்தையைத் தற்கொலையில் இழந்தார். தாய் அவரை அஞ்சல்வழி கார்ட்டூன் பயிற்சியில் சேர்த்தார். சிற்றறைக்குள் ஒற்றை மின்விளக்கின் கீழ் வரைந்து பழகினார். நாளிதழ்ச் சித்திரக்கதையான 'கிரேஸி கேட்' அவரைக் கவர்ந்தது. 1930-களில் கூ கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறி அமைப்பின் கொடுமைகளைத் தீட்டினார்.

1950-களில் உருவங்களைத் துறந்து, அரூப ஓவியங்களால் பெரும்புகழ் எய்தினார். சந்தை மொழியில் அது சேர்த்து வைத்த மூலதனம். ஆனால், வியத்நாம் போர் நாட்டை உலுக்கிய காலத்தில், வண்ணங்களை மட்டும் இழைத்துக்கொண்டிருக்க அவர் மனம் ஒப்பவில்லை.

1970 அக்டோபரில் நியூயார்க்கின் மார்ல்பரோ கலைக்கூடத்தில் புதிய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். கார்ட்டூன் பாத்திரங்கள் போன்ற, முக்காடிட்ட கிளான் உருவங்கள் சுருட்டுப் புகைத்தபடி காரில் ஊர் சுற்றின. பருத்த விரல்கள், தேய்ந்த காலணிகள், இளமையில் கண்ட அதே மின்விளக்கு. 1969-இல் தீட்டிய 'ஓவியக்கூடம்' என்ற படத்தில் முக்காடிட்டவன் தன்னையே வரைகிறான். கொடியவன் வெளியே எங்கோ இல்லை. தூரிகை பிடித்த கையிலும் இருக்கக் கூடும் என்பதே அதன் பொருள்.

விமர்சகர்கள் எள்ளி நகையாடினர். இசையமைப்பாளர் மார்டன் ஃபெல்ட்மனுடனான நெடுநாள் நட்பு முறிந்தது. கஸ்டன் பின்வாங்கவில்லை, இறுதிவரை அவ்வாறே வரைந்தார். 1980 மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி தொடங்கியது. அடுத்த மாதமே மறைந்தார். இகழப்பட்ட அந்த ஓவியங்களே பின்வந்த ஓவியர்களுக்கு வழிகாட்டின. ஆயினும் 2020-இல், முக்காட்டு உருவங்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்றஞ்சி நான்கு அருங்காட்சியகங்கள் அவரது கண்காட்சியைத் தள்ளிவைத்தன. 2022-இல்தான் அது பாஸ்டனில் தொடங்கியது.

என் முனைவர் பட்ட ஆய்வின் முடிவொன்று பிழையென்பதைப் பின்னாளில் உணர்ந்தேன். அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் துணிவு, பணியிலிருந்தவரை எனக்கு வரவில்லை. செலவான ஆண்டுகளையே எண்ணிக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததை, ஐம்பத்தேழு வயதில் கஸ்டன் செய்து காட்டினார்.