நடுங்கும் கையை நிறுத்திய டாக்டர் பி. ராமமூர்த்தி

(9-ஆம் வகுப்பு மாணவி)

நண்பர்களே, ஒரு சின்ன வேலை. இதைப் படிச்சுக்கிட்டே வலது கை ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட்டாச்சா? கண்ணில் குத்தாமல், உதட்டில் படாமல் சரியா மூக்குக்குப் போச்சே, எப்படி? கை எங்கே இருக்கு, மூக்கு எங்கே இருக்கு, எந்தத் தசையை எவ்வளவு இழுக்கணும் என்று மூளை முதலில் திட்டம் போடுது. அப்புறம்தான் விரல் அசையுது. அந்தத் திட்டம் கெட்டுப்போனவர்களுக்காக உழைத்த ஒருவரின் வாழ்க்கையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

டாக்டர் பி. ராமமூர்த்தி 1922-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1947-இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் வாங்கினார். பிறகு இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் மூளை அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டார். அங்கிருந்து கனடாவில் மான்ட்ரியல் நகரத்துக்கும் போனார். அங்கே பென்ஃபீல்டு என்ற பெரிய டாக்டர் இருந்தார். அவர் செய்ததைக் கேட்டால் ஆச்சரியமா இருக்கும்.

மூளையைத் தொட்டால் வலிக்காது! வலியை உணரும் நரம்பு மூளைக்குள்ளே கிடையாது. அதனால் தலைத்தோலை மட்டும் மரத்துப்போக வைத்து, நோயாளி முழிச்சிருக்கும்போதே பென்ஃபீல்டு ஆபரேஷன் செய்வார். மூளையின் மேல் ஒரு இடத்தில் லேசான மின்சாரம் வைத்தால் கட்டைவிரல் ஆடும். கொஞ்சம் தள்ளி வைத்தால் உதடு இழுக்கும். இடது மூளையில் வைத்தால் வலது கை அசையும். ஏன்னா மூளையிலிருந்து இறங்கும் நரம்புகளில் பெரும்பாலானவை முகுளத்தில் இடம் வலமா மாறிப் போகின்றன. இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்து மூளைக்கு ஒரு மேப்பே போட்டார். அந்த மேப்பில் முதுகுக்குக் கொஞ்சூண்டு இடம். விரலுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் அம்புட்டு பெரிய இடம். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற விரலுக்கு அவ்வளவு இடம் வேணும்தானே.

ராமமூர்த்தி 1950-இல் சென்னைக்குத் திரும்பி வந்து, அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அதுக்கு முந்தின வருஷம் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்திருந்தார். இந்தியா முழுவதிலும் அப்போது இந்த வைத்தியம் தெரிந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இவர்கள் இரண்டு பேரும், பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து, நாலே நாலு பேராக 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை உண்டாக்கினார்கள்.

அப்போது ஸ்கேன் கிடையாது. மூளைக்குள் கட்டி எங்கே இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அந்த நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். அறை ஒரு பக்கம் நசுங்கியோ ஒதுங்கியோ தெரிந்தால், அதை வைத்துக் கட்டி எங்கே என்று கணக்குப் போடுவார்கள். நோயாளிக்குத் தலைவலி தாங்காது. ஆனாலும் வேற வழி இல்லை.

இனிமேல்தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. எங்க தாத்தாவுக்குக் கை நடுங்கும். மடியில் கையைச் சும்மா வைத்திருக்கும்போதுதான் அதிகம். டம்ளரை எடுக்கப் போனால் கொஞ்சம் குறையும். தெருவில் சிலர், தண்ணி போட்டதால வந்த வினைன்னு பேசுறாங்க. தாத்தா குடிச்சதே இல்லை. அவருக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய். நம்ம ஊர்ல நடுக்குவாதம் என்பார்கள். 1817-இல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர்.

நடுமூளையில் கருப்பா ஒரு சின்ன இடம் இருக்கு. அங்குள்ள செல்கள் டோபமைன் என்ற பொருளைத் தயாரித்து, மூளையின் அடியாழத்தில் உள்ள செல் கூட்டங்களுக்கு அனுப்பும். எந்த அசைவை விடலாம், எதை நிறுத்தலாம் என்று சரிபார்ப்பது அந்தக் கூட்டங்களின் வேலை. கருப்புச் செல்கள் செத்துக்கொண்டே வந்தால் டோபமைன் குறையும். அப்போது வேண்டாத நடுக்கம் வரும். வேண்டிய அசைவு லேசில் வராது. நடக்க நினைத்தாலும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். தசையில் ஒரு குறையும் இல்லை, உத்தரவு கொடுக்கும் இடத்தில்தான் குறை.

1960-களில் ராமமூர்த்தியும் அவர் குழுவில் இருந்த வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகிய டாக்டர்களும் இப்படிப்பட்ட நோய்களுக்கு ஒரு நுட்பமான ஆபரேஷனைச் செய்தார்கள். நோயாளியின் தலையில் அளவு போட்ட உலோகச் சட்டத்தை மாட்டுவார்கள். நாம் கணக்குப் பாடத்தில் கிராஃப் தாளில் எக்ஸ், ஒய் குறித்துப் புள்ளி வைக்கிறோமே, அதே மாதிரிதான். இன்னொரு அளவு கூடுதலா ஆழத்துக்கு. (கிராஃப் எதுக்குன்னு கேட்கிறவங்க கவனிக்க!) மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, அந்தப் புள்ளிக்கு மெல்லிய கம்பியை இறக்கி, தலாமஸ் என்ற பகுதியில் தப்பான செய்தி போகும் இடத்தைச் சிறிதளவு மட்டும் அழிப்பார்கள். நோயாளி முழித்திருப்பதால், நடுக்கம் நிற்பதை அங்கேயே கண்ணால் பார்க்கலாம். சில மில்லிமீட்டர் தவறினாலும் பேச்சோ கைகாலோ போய்விடக்கூடும். நோய் முழுசா குணமாகாது, நடுக்கம்தான் அடங்கும். அந்த வருஷங்களின் கடைசியில் டோபமைனை ஈடுகட்டும் மாத்திரை வந்தது. அதன் பிறகு இந்த ஆபரேஷன் குறைந்தது. தாத்தா சாப்பிடுவதும் அந்த மாத்திரைதான்.

மேலே சொன்ன கனகா யார் தெரியுமா பெண்களே? 1968-இல் மூளை அறுவை சிகிச்சையில் பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஆனவர். 2018-இல் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு தாள் எழுதலாம்.

ராமமூர்த்திக்கு 1973-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அரசுப் பணி முடிந்த பிறகும் அவர் ஓயவில்லை. சென்னை அடையாறில் வி.எச்.எஸ். மருத்துவமனையில் மூளை, நரம்பு சிகிச்சைக்கு ஒரு மையத்தை உருவாக்கினார். மனசு என்பது மூளையில் எங்கே இருக்கு என்ற கேள்வியும் அவரை விடவில்லை. யோகா, தியானம் பற்றியும் ஆராய்ந்தார். 2000-இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார். வழி முழுக்க மேடு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை அதற்கு வைத்தார். 2003 டிசம்பரில், 81-ஆம் வயதில் காலமானார்.

இப்போது தலைக்குள் வைத்த கம்பிக்கு, மார்புத் தோலுக்கு அடியில் வைத்த பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தே நடுக்கத்தை அடக்குகிறார்கள். எந்த இடத்தையும் அழிக்க வேண்டியதில்லை. ஆனால் தலையில் மாட்டும் அந்தச் சட்டமும் கிராஃப் கணக்கும் அதற்கும் வேண்டியிருக்கு.