பைண்டிங் கடையில் படித்த மேதை

வீட்டில் விளக்கு எரிகிறது. விசிறி சுழலுகிறது. இந்த மின்சாரத்தில் பெரும் பகுதி, காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு உண்டாக்கப்படுவது. அதற்கு வழி கண்டவர் மைக்கேல் பாரடே. அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. உயர்ந்த கணக்கு அவருக்கு வராது. ஞாபகசக்தியும் குறைவு! பின் எப்படிப் படித்தார்?

கொல்லர் மகன்

பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இங்கிலாந்தில், லண்டனை அடுத்த நியூவிங்டனில் பிறந்தார். தகப்பனார் கொல்லர், நோயாளி. 1801-ல் தானிய விலை ஏறியது. அப்போது சிறுவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ரொட்டி. அதை வைத்து ஒரு வாரத்தை ஓட்ட வேண்டும்! எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

1804-ல் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை கிடைத்தது. மறு ஆண்டு அங்கேயே பைண்டிங் பழகச் சேர்ந்தார். ஏழு ஆண்டு ஒப்பந்தம். தைக்க வந்த புத்தகங்களை எல்லாம் பாரடே படித்தார். ஒரு கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை இருந்தது. ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய ரசாயன நூலும் கிடைத்தது.

படித்ததை அவர் உடனே நம்பிவிட மாட்டார். தானே செய்து பார்க்க வேண்டும். அப்புறம்தான் அது மனதில் ஏறும். ஏழு அரைப் பென்னிக் காசுகள், அதே அளவில் ஏழு துத்தநாகத் தகடுகள், நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த காகிதம். இவற்றை அடுக்கி, 1812-ல் மின்சாரம் உண்டாக்கினார். செலவு சில காசுதான்.

நான்கு சொற்பொழிவு

விஞ்ஞானச் சொற்பொழிவு கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம். பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட் அதைக் கொடுத்தார். அந்த அண்ணனையும் நாம் மறக்கக் கூடாது.

1812-ல் கடைக்கு வந்த ஒருவர், ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி பெரிய விஞ்ஞானி. நான்கு சொற்பொழிவுகள். பாரடே முக்கியமான சொற்களை மட்டும் அங்கே குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, அவற்றை விரித்து எழுதினார். கருவிகளைப் படமாக வரைந்தார். படம் வரைய முன்பே பழகியிருந்தார். மறந்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு உண்டு. அதனால் எழுதாமல் எதையும் விடமாட்டார். ஆபட் என்ற நண்பருக்கும் நீண்ட கடிதங்கள் எழுதுவார். பிறருக்கு விளக்கும்போது தன் சந்தேகம் தெளிந்தது.

வேலை கேட்டு, ராயல் சொசைட்டியின் தலைவருக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை! பிறகு தன் குறிப்புகளைத் தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் பைண்டிங்கை விட வேண்டாம் என்றே புத்தி சொன்னார். சில வாரத்தில் சோதனைச்சாலை உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலை இழந்தார். 1813 மார்ச்சில் அந்த இடம் பாரடேக்குக் கிடைத்தது. வாரச் சம்பளம் 25 ஷில்லிங்.

இரும்பு வளையம்

1831 ஆகஸ்டு 29-ந் தேதி. ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தியதும், நிறுத்தியதும், மற்றதில் கண நேரம் மின்சாரம் ஓடியது! அக்டோபரில், சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தார். அப்போதும் மின்சாரம் பிறந்தது.

கணக்குத் தெரியாதது அவரைத் தடுக்கவில்லை. காந்தத்தின் மேல் காகிதம் வைத்து, இரும்புத் தூளைத் தூவுவார். தூள் வளைவு வளைவாக நிற்கும். அந்தக் கோடுகளைக் கண்ணால் பார்த்தே சிந்தித்தார். கணித வல்லுநர் பலர் அதை ஏற்கவில்லை. மாக்ஸ்வெல் என்ற இளைஞர்தான் அதைக் கணக்காக்க முன்வந்தார். 1857-ல் பாரடே அவருக்குக் கடிதம் எழுதினார். கணிதத்தில் கண்ட முடிவை, சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா என்று கேட்டார். அப்போது அவருக்கு வயது 66.

வயது ஏற ஏற ஞாபகமறதி மிகுந்தது. சோதனைக் குறிப்புகளுக்கு வரிசை எண் போட்டே எழுதிவந்தார். கடைசிக் குறிப்பின் எண் 16041. 1867 ஆகஸ்டு 25-ந் தேதி பாரடே காலமானார்.