காள் பொஷ் (1874–1940)

மாணவர்களே, அமோனியாவின் கைத்தொழில் உற்பத்தி பற்றிக் கற்கும்போது ஏபர் முறை என்ற பெயரை மனனஞ் செய்கிறீர்கள். நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியா உண்டாவதைப் பிரிட்ஸ் ஏபர் 1909 இல் ஒரு மேசையில் அடங்கும் சிறிய உபகரணத்தில் செய்து காட்டினார். அதைத் தொழிற்சாலையாக்கிய காள் பொஷ்ஷின் பெயரைப் பலரும் எழுதாது விட்டுவிடுகின்றனர்.

பொஷ் 1874 ஓகத்து 27 இல் ஜேர்மனியின் கொலோன் நகரிற் பிறந்தார். தந்தையார் வாயுக் குழாய், நீர்க் குழாய்ப் பொருட்களின் வணிகர். ஆகவே குழாயும் வால்வும் பொஷ் சிறுவயதிலேயே கண்ட பொருட்கள். முதலில் உலோகவியலும் இயந்திரவியலும் பயின்ற அவர், பின்னர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்று 1898 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு லுட்விக்ஸ்காபனிலுள்ள பாஸ்வ் நிறுவனத்திற் சேர்ந்தார். இரசாயனமும் உலோகமும் அறிந்த ஒருவர் அங்கு இருந்தது பெரும் பேறு என்றே கூறவேண்டும்.

ஏபரின் தாக்கத்திற்கு ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கமும் 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையும் தேவைப்பட்டன. பொஷ் தடித்த உருக்குக் குழாய்களைச் செய்வித்து, பாதுகாப்புக்காகக் கொங்கிறீற்றுச் சுவர்களுக்குள் நிறுத்தினார். ஏறத்தாழ 80 மணித்தியாலங்களில் அவை வெடித்தன. குழாயின் தடிப்புப் போதவில்லை என நீங்கள் நினைக்கலாம். காரணம் அதுவன்று.

பொஷ் உடைந்த துண்டுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்வித்தார். உருக்கு என்பது இரும்பும் சிறிதளவு காபனும் சேர்ந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு உறுதியளிப்பது அந்தக் காபனே. சூடான ஐதரசன் உருக்கினுள் ஊடுருவி, காபனுடன் தாக்கமுற்று மெதேனை உண்டாக்கியது. காபனை இழந்த சுவர் நொறுங்கும் தன்மை பெற்றது. ஆகவே எவ்வளவு தடித்த உருக்கும் சில காலத்தில் உடையும். காபன் மிகக் குறைந்த மென்னிரும்பை ஐதரசன் இவ்வாறு கெடுக்காது. ஆயினும் அது அமுக்கத்தைத் தாங்காது.

1911 இல் பொஷ் இரண்டு வேலைகளையும் இரண்டு உலோகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். உள்ளே மென்னிரும்பாலான மெல்லிய உறை. அது வாயுவைத் தாங்கும். வெளியே உருக்குக் குழாய். அது அமுக்கத்தைத் தாங்கும். உறையூடாகக் கசியும் சிறிதளவு ஐதரசன் வெளியேறுவதற்கு உருக்கில் சிறு துளைகள் இடப்பட்டன. அமுக்கத்தைத் தாங்கும் சுவரிலேயே துளையிடுவதா என்று வியப்பீர்கள்; அத்துளைகளே அச்சுவரைக் காத்தன. இவற்றோடு அமுக்கிகள், வால்வுகள், அளவைக் கருவிகள் யாவும் இவ்வமுக்கத்திற்கெனப் புதிதாக அமைக்கப்பட்டன.

உலோகத் தெரிவு ஐதரசனுடன் முடிவதில்லை. ஈரமான அமோனியா, வளி உள்ளபோது செம்பைக் கரைத்துக் கடும் நீலநிறச் சேர்வையை உண்டாக்கும். பித்தளையிற் செம்பும் நாகமும் உள்ளன. இழுவிசைக்குட்பட்ட பித்தளை அமோனியாவில் வெடிப்புறும். எனவே ஐஸ் தொழிற்சாலையின் அமோனியாக் குழாய்களில், வீட்டு நீர்க்குழாயிற் காணும் பித்தளை வால்வுகளைப் பொருத்துவதில்லை. இரும்பு அல்லது உருக்கு வால்வுகளையே பொருத்துவர். காரணங் கேட்டு வினா வந்தால், செம்பு அமோனியாவுடன் தாக்கமுறும் என்பதைத் தவறாது குறிப்பிடுங்கள்.

1913 செப்ரெம்பரில் ஒப்பாவு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதுவரை நைதரசன் பசளைக்கு உலகம் பெரிதும் சிலி நாட்டு வெடியுப்பையே நம்பியிருந்தது. ஆனால் 1914 இல் போர் மூண்டதும் அதே அமோனியா நைத்திரிக்கமிலமாகவும் வெடிபொருளாகவும் மாற்றப்பட்டது. 1921 செப்ரெம்பர் 21 இல் ஒப்பாவுவில் களஞ்சியப்படுத்தப்பட்டிருந்த பசளை வெடித்து 500 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். குழாய் வெடிப்பதைத் தடுத்தவர், தாம் தலைமை தாங்கிய நிறுவனத்திலேயே இவ்வழிவையும் காண நேர்ந்தது.

உயர் அமுக்க இரசாயன முறைகளுக்காகப் பொஷ்ஷும் பிரீட்ரிக் பேர்கியசும் 1931 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். 1933 இன் பின்னர் ஜேர்மனியில் யூத விஞ்ஞானிகள் பதவி நீக்கப்பட்டதை பொஷ் ஏற்கவில்லை. அவர் 1940 ஏப்ரல் 26 இல் ஹைடல்பேர்க்கிற் காலமானார்.